கசினோ வேண்டாம் என்று சொன்ன வருடம்

படம்

யோகன் அண்ணை மொன்றியலின் டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையை முடித்துவிட்டு, அந்த உடுப்போடேயே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஜக்கெற்றில் ஒட்டியிருந்த பனி உருகி நிலத்தில் சொட்டியது. இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. மடித்து வைத்திருந்த துண்டுப்பிரசுரம் ஒன்றை என் மேசையில் விரித்தார்.

"சுகந்தி, இதைப் பாரும். எங்கட ஆத்தங்கரையில கசினோ கட்டப் போறாங்களாம்."

பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. ஆறு, அதன்மேல் மிதப்பதுபோல ஒரு கண்ணாடிக் கட்டடம், எப்போதும் முடியாத ஒரு மாலை வெளிச்சம். படத்தில் இருந்த மனிதர்கள் எல்லாரும் மெல்லியவர்கள், நிழல் இல்லாதவர்கள். எங்கள் ரொக்ஸ்பரோவில் அப்படி ஒரு மாலையை நான் கண்டதில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

நான் அப்போது ரொக்ஸ்பரோவில் ஒரு சிறிய சமூக நிலையத்தில் அமைப்பாளராக இருந்தேன். வாடகைப் பிரச்சினை, கார்டெறி என்ற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்காத தாய்மார், பஸ் நிற்காத பஸ் நிறுத்தம், இவைதான் என் நாட்கள். சனத்தைக் கூட்டி ஒன்றாகக் கதைக்க வைப்பது தொழில். கசினோ ஒன்றை எதிர்ப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. போன வருடம் ஓய்வு பெற்றபோது, என் இடத்துக்கு வேலைக்கு வந்த இளம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

திட்டத்தைக் கொண்டுவந்தது மொன்றியலுக்கு வெளியே, வெள்ளையர் வர முன்பே இந்த நாட்டில் இருந்த முதற்குடி மக்களின் ஊர் ஒன்றின் அபிவிருத்திக் கொம்பனி. அதோடு கூட்டுச் சேர்ந்தது வெளியிலிருந்து வந்த ஒரு முதலீட்டு நிறுவனம். இடம், யோகன் அண்ணையின் தெரு முடியும் இடத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பூங்கன்றுத் தோட்டம்.

"அவையளுக்கு வரியும் இல்லை, சட்டமும் இல்லை. நினைச்ச இடத்தில நினைச்சதைக் கட்டுவினம். நீர் உந்தக் கதிரையில சும்மா இருக்கப் போறீரோ?" என்றார்.

நான் திருகோணமலைக்காரி. காணி யாருடையது, யார் வந்தேறி என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவள். ஆனால் அன்று "ஒரு கிழமை தாங்கோ அண்ணை. கேட்டுப் பாத்திட்டுக் கதைப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

கேட்கிற கிழமை

அந்தக் கிழமை நான் ஒரு கூட்டமும் வைக்கவில்லை. இப்போதும் அதைத்தான் சொல்லுவேன். கோபத்தோடு சனத்தைக் கூட்டினால் கோபம் மட்டும்தான் கூடும். முதலில் தெரியவேண்டியது சில விஷயங்கள். காணி இப்போது யாருடைய பேரில் இருக்கிறது, அதில் என்ன கட்ட அனுமதி உண்டு, அனுமதியை மாற்றும் அதிகாரம் யாருக்கு, அது எந்த நாளில் மேசைக்கு வருகிறது.

காணிப் பதிவை யாரும் கேட்டுப் பார்க்கலாம். பார்த்தேன். காணி இன்னும் கைமாறவில்லை, வாங்குவதற்கான ஒப்பந்தம் மட்டும் இருந்தது. அடுத்ததாக அறொண்டிஸ்மோவுக்கு, எங்கள் பகுதி நகராட்சி அலுவலகத்துக்கு, போனேன். கவுண்டரில் இருந்த பெண் "பொன்ஜூர்" சொல்லி, நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"எந்த வலயத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் ஸோனிங் விதியின்படி அங்கே இப்போது கசினோ கட்ட முடியாது. மாற்ற வேண்டுமானால் பொதுக் கூட்டம் வைத்துச் சனத்தைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு பக்கத்து வலயங்களில் இருப்பவர்கள் போதிய அளவு கையெழுத்து வைத்தால் வாக்கெடுப்பும் கேட்கலாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொதுக் கூட்டத்துக்கு ஆட்கள் வருவதே இல்லை மடாம்" என்றாள்.

சூதாட்டம் நடத்தும் உரிமை இந்த மாகாணத்தில் அரசாங்கத்தின் கையில். அரசாங்கத்தோடு ஒரு இணக்கம் வரும் என்று கொம்பனி நம்பியிருந்தது, இன்னும் வரவில்லை. வெள்ள வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தேன். முன்பொரு வசந்தத்தில் ஆறு ஏறியபோது நாங்கள் மணல் மூட்டை அடுக்கிய அதே தாழ்வு நிலம்தான் படத்தில் கண்ணாடியாக மின்னியது.

பின்னேரங்களில் அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்ப்பேன். கண்ணாடி இழந்த பசுமைக்கூடங்களின் எலும்புகள் பனிக்குள் நிற்கும். மூட்டம் ஆற்றிலிருந்து எழும்பி மெல்ல வந்து என்னைச் சுற்றும். ஐஸுக்குக் கீழே தண்ணீர் போகும் சத்தம், யாரோ பக்கத்து அறையில் கதைப்பதுபோலக் கேட்கும். நான் எந்த நாட்டில் நிற்கிறேன், என்ன வயது என்பதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகும். பிறகு ரயில் ஒன்று போகும், கால் குளிரும், வீட்டுக்கு நடப்பேன்.

இதற்கிடையில் யோகன் அண்ணை தூரத்தில், நகரின் நடுவில் உள்ள ஜான்-டலோன் சந்தைக்குப் போய், தக்காளி வாங்க வந்த சனத்திடமெல்லாம் பெற்றிசனில், எதிர்ப்பு மனுவில், கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். "அண்ணை, அவையள் இந்த வலயத்தில இல்லை. பேப்பர்க்காரருக்குக் காட்டலாம். வாக்கெடுப்புக் கேக்க உதவாது" என்றேன். மனிதர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பலகை

தோட்ட வாசலில் கொம்பனி ஒரு பலகை நட்டிருந்தது. ஒரு காலையில் அதில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். முதற்குடி மக்களைப் பற்றி, நான் இங்கே திருப்பி எழுத விரும்பாத வார்த்தை. செய்தி பரவியது. கசினோவை எதிர்க்க நாங்கள் சிலர் சேர்ந்து தொடங்கியிருந்த கொமிற்றிக்காரர்தான் எழுதினார்கள் என்று கதையும் பரவியது. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது.

அன்று பின்னேரம் கொமிற்றி யோகன் அண்ணை வீட்டுக் குசினியில் கூடியது. நான் சொன்னேன், "இந்த வார்த்தைக்குப் பக்கத்தில நிண்டு நான் வேலை செய்யமாட்டன். நாங்கள் அந்த ஊர்ச் சனத்தோட ஒரு வார்த்தை கதைச்சோமோ? இல்லை. நாளைக்கு நான் போறன். ஆர் என்னோட வாறியள்?"

 கடைசியில் யோகன் அண்ணை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கார் என்னட்டத்தானே இருக்கு" என்றார்.

அந்த முதற்குடி மக்கள் ஊரின் சபைக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார். கடைசியில் லிண்டா என்ற பெண் பேசினாள். அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் தாதி. "கூட்டம், பெற்றிசன், பேப்பர் எல்லாம் கேள்விப்பட்டேன். எங்களிடம் நேரே கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். வாருங்கள்" என்றாள்.

சுகாதார நிலையத்தின் பின்னறையில் கோப்பி ஊற்றித் தந்தாள். யோகன் அண்ணை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எங்களுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை" என்றாள் லிண்டா. "வேலை வரும் என்று சிலர் விரும்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். என் பெரியம்மாவின் மகன் அந்தச் சூதாட்ட மெஷின்களுக்கு முன்னால் இருந்து இருந்தே எங்களை விட்டுப் போனவன். உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் எங்களோடு இல்லை."

நான் யோகன் அண்ணையைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொன்று" என்றாள் லிண்டா. "எங்கள் நோயாளிகள் டயாலிசிஸுக்கும் பிரசவத்துக்கும் மொன்றியலுக்கு வரவேண்டும். கூட வரும் குடும்பம் தங்க இடம் இல்லை. கசினோ வந்தால் அந்தக் காசில் தங்குமிடம் கட்டலாம் என்று சொல்லித்தான் பலரைச் சம்மதிக்க வைத்தார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லும்போது, இதுவும் சேர்ந்துதான் போகும். தெரிந்துகொண்டு சொல்லுங்கள்."

திரும்பி வரும்போது வழி முழுக்கப் பனி கொட்டியது. காரின் வெளிச்சத்தில் அது எங்களை நோக்கி ஓடி வருவதுபோல இருந்தது. நாங்கள்தான் அசையாமல் இருந்தோம் போல. நெடுஞ்சாலையில் ஏறின பிறகு யோகன் அண்ணை வாய் திறந்தார்.

"என்ர தம்பி ரகுவைத் தெரியும்தானே உமக்கு?"

"ரொறொன்ரோவில இருக்கிறார் எண்டு சொன்னனியள்."

"அங்கதான் இருக்கிறான் எண்டு நினைக்கிறன். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள். ஒரு கட்டில், ஒரு கோட். அவன் பார்களில இருக்கிற மெஷினுக்கு முன்னால போய் இருந்தான். பேந்து எழும்பேல்லை." வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். "நான் அந்தச் சனத்தில கோவப்பட்டது, அவனில கோவப்பட ஏலாமல்தான் போல."

மண்டபம்

பொதுக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. ஆட்கள் வருவதே இல்லை என்று சொன்ன கவுண்டர்ப் பெண் வாசலில் நின்று கூடுதல் கதிரைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கொம்பனிக்காரர் விளக்கை அணைத்துவிட்டுத் தங்கள் படத்தைப் போட்டார்கள். மீண்டும் அந்த மாலை, அந்தத் தண்ணீர், அந்த நிழல் இல்லாத மனிதர்கள்.  ஒரு குழந்தை "ஸே போ!" என்றது, அழகாய் இருக்கு என்று. யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கனவை எதிர்ப்பது கடினம் என்று அப்போதுதான் விளங்கியது.

விளக்குப் போட்டதும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி என்று முன்பே பிரித்திருந்தோம். வெள்ளம் வந்தால் இந்த அடித்தளம் எங்கே இருக்கும்? அரசாங்கத்தின் இணக்கம் எப்போது கிடைத்தது? கார்கள் எந்தத் தெருவால் வரும், அந்தத் தெருவில் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள்? கொம்பனியின் சார்பில் பதில் சொன்னவர் நல்ல மனிதர். ஆனால் பல கேள்விகளுக்கு "அது அடுத்த கட்டத்தில்" என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

லிண்டாவும் வந்திருந்தாள். "நான் என் ஊருக்காகப் பேசவில்லை. எனக்காகப் பேசுகிறேன்" என்று தொடங்கினாள். "இந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்கள் இதை எதிர்த்து நில்லுங்கள். எங்களை எதிர்க்காதீர்கள்." சிலர் தலை குனிந்தார்கள்.

யோகன் அண்ணை எழுதிக்கொண்டு வந்ததை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டுத் தெரிந்த பிரெஞ்சில் பேசினார். தம்பியைப் பற்றி மட்டும் பேசினார். "பெட்டி தொலைஞ்சால் தேடிக் குடுக்கிற இடத்தில நான் வேலை செய்யிறன். அவனைத் தேடத் தெரியேல்லை" என்று சொல்லும்போது பிரெஞ்சு நின்றுபோய்த் தமிழ் வந்துவிட்டது. மொழிபெயர்க்க நான் எழும்பினேன். தலைமை தாங்கியவர் கையால் இருக்கச் சொன்னார். விளங்கிவிட்டது என்பதுபோல.

வாக்கெடுப்பு வரை போகத் தேவைப்படவில்லை. வசந்தம் வர முன்பே நகராட்சி ஸோனிங் மாற்றத்தைக் கைவிட்டது. முதலீட்டு நிறுவனம் வேறு ஊர் பார்த்துப் போனது. எங்கள் ஆட்கள் றோல்ஸும் கேக்கும் வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு லிண்டா தங்குமிடம் பற்றிச் சொன்னது காதுக்குள் இருந்தது.

கதிரைகள்

அடுத்த இலையுதிர்காலத்தில் லிண்டா ரெலிபோன் எடுத்தாள். அவர்களின் கொம்பனி அதே தோட்டத்தில், றோட்டுப் பக்கமாக உள்ள மேட்டில், நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு தங்குமிடம் கட்டக் கேட்கிறது. தாழ்வு நிலம் தோட்டமாகவே இருக்கும். "இதற்கும் ஸோனிங் மாற வேண்டும். அதே கூட்டம், அதே மண்டபம்" என்றாள். பிறகு, "வருவீர்களா?" என்றாள்.

நான் எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்தேன். அன்று எங்களோடு நின்றவர்களில் சிலர் இப்போது இதையும் எதிர்த்தார்கள். கார் நிறுத்த இடம் போதாது, தெரியாத ஆட்கள் வந்து போவார்கள் என்றார்கள். பலர் "நல்ல விஷயம்தான் அக்கா, அண்டைக்கு வேலை" என்றார்கள். 

மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. எதிர்க்க வந்தவர்கள் முன்வரிசையில். லிண்டாவும் அவள் ஊர்ச் சிலரும் ஒரு பக்கம். எங்கள் பக்கம் ஒரு காரில் அடங்கும் ஆட்கள். கூட்டம் தொடங்கிய பிறகு கதவு திறந்தது. யோகன் அண்ணை, டோர்வல் உடுப்போடு. நேரே மைக்குக்குப் போனார்.

"நான் இந்தத் தெருவில கடைசி வீடு. போன முறை வேண்டாம் எண்டு சொல்ல வந்தனான், இந்த மண்டபம் நிறைஞ்சிருந்தது. இண்டைக்கு வேணும் எண்டு சொல்ல வந்திருக்கிறன். அந்தத் தங்குமிடத்தின்ர யன்னல் என்ர யன்னலைப் பாக்கும். பாக்கட்டும்."

அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், கார் நிறுத்துமிடம் பற்றி எழுதிக்கொண்டு வந்தவள், தன் முறை வந்தபோது "இல்லை, பரவாயில்லை" என்று சொல்லி இருந்துவிட்டாள். மற்றவர்கள் பேசினார்கள். ஆனாலும் அந்த ஸோனிங் மாற்றம் நிறைவேறியது.

இப்போது அந்தத் தங்குமிடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். குளிர்காலப் பின்னேரங்களில் நான் நடந்து போகும்போது, மூட்டத்துக்குள் அதன் யன்னல்கள் மஞ்சளாகத் தெரியும். உள்ளே யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலாத்துவார்கள், யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள்.

என் இடத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். காணிப் பதிவைப் பாருங்கள், ஸோனிங்கைப் படியுங்கள், கேள்விகளைப் பிரித்துக் கொடுங்கள். அது பழகினால் வரும். ஆனால் "வேண்டாம்" என்று மண்டபத்தை நிறைக்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சனத்தில் யார் பிறகு "வேணும்" என்று சொல்லவும் வருவார்கள் என்று பார்த்து வையுங்கள். அவர்கள் கொஞ்சப் பேராகத்தான் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.