கரடி இல்லாத ஊரில் கரடிக் கூடாரம்

வாங்குபவருக்குப் பொருளைப் பற்றித் தெரியாமல் இருப்பது வியாபாரத்தில் சகஜம். விற்பவளுக்கும் தெரியாமல் இருந்ததுதான் எங்கள் கடையின் விசேஷம். நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று, முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்துப் பிழைக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கரடிப் பிரிவு

எசன் நகருக்கு வெளியே ஒரு வேட்டைச் சாமான் கடையில், நாற்பத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் தந்தது மறைவுக் கூடாரப் பிரிவு. வேட்டைக்காரர் தரையில் விரித்து, உள்ளே ஒளிந்திருந்து, ஜன்னல் வழியாகக் கரடிக்கு அம்பு விடும் கூடாரம். ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. வேட்டையாடக் கரடியும் இல்லை. ஆனால் கனடாவுக்குப் போய் ஒரு கரடியை விழுத்தினால்தான் ஆம்பிளை என்று நினைக்கும் கனவான்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

இதற்கு முன் பார்த்த மூன்று வேலையிலும் 'புரோபசைட்' என்ற ஆறுமாதப் பரீட்சைக் காலம் முடிவதற்குள் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவையும் வேலை போய்விட்டது என்று மகளிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முதலாளியம்மா ஃபிராவ் லின்டவுக்கோ ஒரே ஒரு கவலைதான். இந்த ஊர் ஆட்கள் வாங்கிய சாமானைப் பில்லோடு திருப்பிக் கொண்டுவருவதில் விண்ணர்கள். முதல்நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எத்தனை விற்றீர்கள் என்று கேட்க மாட்டேன், நீங்கள் விற்ற கூடாரம் ஒன்று திரும்பி வந்தால், அது உள்ளே வரும், நீங்கள் வெளியே போவீர்கள்."

இலைச் சட்டை

பயத்தில் ஒரு மாதம் பாடமாக்கினேன். ஜன்னல் மூடியில் சர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டி இருக்கக்கூடாது, கரடிக்குக் கேட்டுவிடும். உட்காரும் கதிரை கிறீச்சிடக்கூடாது. கூடாரத்தின் உட்புறம் கறுப்பு, ஆகவே உள்ளே இருப்பவரும் கறுப்புத்தான் உடுக்க வேண்டும்.

முதல் வாடிக்கையாளர் தலை முதல் கால் வரை இலையும் கிளையும் அச்சடித்த உடுப்பில் வந்தார். உள்ளே இருத்திவிட்டு, வெளியே நின்று ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக் காட்டினேன். இருட்டறையில் ஒரு குரோட்டன் செடி வைத்தது போல் இருந்தார். "கறுப்புச் சட்டை ஒன்று போட்டால் போதும், இந்த உடுப்பே தேவையில்லை" என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: "கறுப்புச் சட்டை போட்டால் கரடிக்கு என்னைத் தெரியாது, சரி, ஆனால் என் நண்பர்களுக்கு நான் வேட்டைக்காரன் என்று எப்படித் தெரியும்?"

மத்தியானச் சாப்பாடு

கடையின் சாப்பாட்டு அறையில் என் டப்பாவைத் திறந்தால் சக ஊழியர்கள் மரியாதையாக எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள். ஆகவே மூலையில் விரித்திருந்த பெரிய கூடாரத்துக்குள் புகுந்து, சிப்பை இழுத்து மூடிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன்.

ஒருநாள் புட்டும் நெத்தலிக் கருவாட்டுக் குழம்புமாக இருந்தபோது சிப் திறந்தது. ஒரு கணவனும் மனைவியும் எட்டிப் பார்த்தார்கள். வாயில் புட்டு இருந்ததால் மன்னிப்புக் கேட்கவும் ஏலவில்லை. கரடிக்கு மனிதவாடை ஆகாது என்று நானே ஊருக்கெல்லாம் உபதேசித்துக்கொண்டிருந்தவள். இன்றோடு வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அந்த மனுஷனோ கண்ணை மூடி இரண்டு தரம் ஆழமாக மூச்சை இழுத்தார். "கனடாவில் கரடியை வரவழைக்க ஏதேதோ வாசனையெல்லாம் வைப்பார்கள்" என்று மனைவிக்கு விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "இது போத்தலில் கிடைக்குமா?"

சங்கத் தலைவர்

எங்கள் தமிழ் ஆட்களும் வந்தார்கள். வந்தவர் ஒரே ஒருவர், சிவநேசன் அண்ணை. ஊர்ச் சங்கத்தின் தலைவர். கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணை, கனடாவுக்குப் போறியளோ?"

"இல்லைத் தங்கச்சி. வாற மாதம் பிள்ளையளின்ரை விளையாட்டுப் போட்டி. மைதானத்திலை ஒரு மூலையிலை இதை விரிக்கலாமெண்டு பாக்கிறன். உள்ளை இருக்கிற ஆள் வெளியிலை தெரியாதுதானே?"

"தெரியாது. ஆனா அண்ணை, திருப்பிக் கொண்டு வரக்கூடாது. என்ரை வேலை போயிடும்."

"கொண்டு வரமாட்டன். போன வருசம் ஒரு ரோல்ஸைக் கூட நிம்மதியாத் தின்ன விடேல்லை. 'தலைவர் எங்கை, தலைவர் எங்கை' எண்டு செயலாளர் மைக்கிலை கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர்."

கரடி முட்டினால் இது தாங்காது, கிழிந்துவிடும் என்பதையும் வழக்கம்போல் சொல்லிவைத்தேன். அண்ணை கூடாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "கரடி வந்தாச் சமாளிப்பன் தங்கச்சி, எங்கடை செயலாளர் வராட்டிப் போதும்."

இரண்டு மீற்றர் மனிதர்

ஆறாவது மாதம் ஒரு பல் வைத்தியர் வந்தார். உயரம் இரண்டு மீற்றர். அவருக்குப் பிடித்ததோ கடையிலேயே மிகத் தாழ்ந்த கூரையுள்ள கூடாரம். ஸ்டூலில் இருத்தி, அம்பில்லாமல் வில்லை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். வில்லின் மேல்நுனி கூரையில் குத்தியது. அவர் குனிந்தார். அப்போது ஜன்னல் வழியாகக் குறி தெரிந்தது. அம்பு இருக்கவேண்டிய இடமோ ஜன்னலின் கீழ்விளிம்புக்கும் கீழே. "இது உங்களுக்குச் சரிவராது, பக்கத்தில் இருக்கும் உயரமானதை எடுங்கள்" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. நேரே ஃபிராவ் லின்டவிடம் போய், வாங்க வந்தவனை விரட்டுகிறாள் என்று முறையிட்டார். முதலாளியம்மா வந்து, எல்லோருக்கும் முன்னால் என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு ஆறுதலும் இல்லை. அந்தக் கூடாரத்தைத் தன் கையாலேயே பில் போட்டு விற்றுவிட்டு ஃபிராவ் லின்ட சொன்னார்: "பார்த்தீர்களா, வாடிக்கையாளர் தன் உயரத்தைக் கேட்டு வருவதில்லை, தன் ஆசையைக் கேட்டு வருகிறார்."

கடைசி நாள்

என் புரோபசைட்டின் கடைசி நாள். காலையிலேயே பல் வைத்தியர் வந்தார், கையில் கூடாரம். கனடா வரைக்கும் போகவில்லை. வீட்டுத் தோட்டத்தில் விருந்தாளிகளை வேடிக்கை பார்க்க வரிசையாக நிற்கவைத்து, ஒத்திகை பார்த்திருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே அம்பு போன ஓட்டை. கூரையில் வில் கிழித்த கிழிசல். "எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை!" என்று என் முகத்தைப் பார்த்தே சத்தம் போட்டார்.

திரும்பி வந்த முதல் கூடாரம். மகளுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வசனம் கூட்டத் தொடங்கிவிட்டேன். ஃபிராவ் லின்ட பில்லை வாங்கி, விற்றவர் பெயர் அச்சாகும் அடிவரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அடிவரியைப் பார்த்தார். அங்கே இருந்தது அவருடைய பெயர். வைத்தியரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்: "இதைப் பின்னறையில் போடுங்கள், யாரிடமும் பேச வேண்டாம், உங்கள் நிரந்தர ஒப்பந்தத்தில் நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"

கரடியைக் கண்ணால் காணாமல், வில்லை ஒருமுறையும் வளைக்காமல், ஒரு பல் வைத்தியரின் உயரத்தால் இந்த நாட்டில் நிரந்தர வேலை பிடித்த ஒரே யாழ்ப்பாணத்துக்காரி நானாகத்தான் இருப்பேன்.