அடித்தது அம்மாவின் போன் அல்ல

அன்று விமானத்துக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர்: விமானியும் என் அம்மாவும். நான் கீழே ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றேன். அப்பா வரவில்லை. "அவ பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்று ரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சொல்ல வேண்டியது என் வேலையைப் பற்றி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். வாத்தியார் ஆவேன் என்று நினைத்திருந்தார்கள். நானோ கலேவெலப் பக்கத்தில், நாலு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்துக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். அம்மா ஒரு தடவை ஏறிப் பார்த்துச் சரி என்றால் சரி. இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

காத்திருந்த நேரமெல்லாம் அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சித்திதான். "என்னம்மா, கோயில் மணி மாதிரி ஓயவே மாட்டேங்குது?" என்று விமானி கிண்டல் செய்தார். அம்மா வெட்கப்பட்டு, ஏறும் முன் அவருக்குத் தெரியாமல் போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

ரிவர்ஸ்டன் மலை வரை போய்த் திரும்பினார்கள். கதை சுவாரஸ்யத்தில், பறக்கும்போது வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும் சக்கரங்களை வெளியே விட விமானி மறந்துவிட்டார். அதை நினைவூட்டும் மணி உள்ளே அலறியதாம்.

"அம்மா, அந்தப் போனை எடுங்க. பாவம், தங்கச்சி தவிக்கிறாங்க."

"போன் மவன்கிட்டல்ல இருக்குங்க!"

விமானிக்கு உறைப்பதற்குள் விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முன்விசிறி மட்டும் வாடிய வாழையிலை போல மடங்கிக் கிடந்தது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அம்மா சேலையைத் தட்டிவிட்டு இறங்கினார். "ஏறுறப்பதான் ஒசரம். எறங்குறப்ப ஐயா நல்லாத் தாழ வச்சுக் குடுத்தாரு."

விமானி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் பக்கம் திரும்பினார். "இவருக்கு ஞாபகப்படுத்த ஒரு ஆளு வேணும்டா. நீ இங்கேயே இரு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இப்போது ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் கீழிருந்து ரேடியோவில் "சக்கரம்?" என்று கேட்கிறேன். "வந்தாச்சுங்க, வாத்தியாரே" என்று மேலேயிருந்து பதில் வருகிறது.

விமானத்தைச் சரிசெய்த செலவு முதலாளியுடையது. மறுபடி அது கிளம்பிய அன்று, சக்கரத்துக்கு அடியில் வைக்க அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். முதலில் குனிந்து, சக்கரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். எங்களுக்கு ஆன செலவு அவ்வளவுதான்: மூன்று பழம், நூற்றிருபது ரூபாய்.