நான் பூசி மறைத்த வெடிப்பு

பிள்ளைகளே, ஒரு கை சுண்ணாம்புச் சாந்தினால் உங்கள் அம்மாவையும் அக்காள் எஸ்தரையும் நான் கொன்றிருப்பேன். கர்த்தர் தடுத்தார். வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் மறைக்காமல் எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். செங்கோட்டைக்கு மேற்கே மலை ரோட்டில் நான் மேஸ்திரி. மழைக்கு முன்னால் கயிறு கட்டிச் சரிவில் ஏறி, ஆடுகிற கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவோம். அவற்றை உடைத்து ரோட்டோரம் சுவராக அடுக்குவோம். தள்ள முடியாத பெரிய பாறையானால், அதன் வெடிப்பின் குறுக்கே சுண்ணாம்புச் சாந்து பூசி வைப்போம். பாறை அசைந்தால் சாந்து கீறிவிடும். கீறினால் ஓவர்சியரிடம் சொல்லி, ரோட்டை மறித்து, வெடி வைத்து இறக்க வேண்டும். அதுதான் முறை.

புளியரைக்கு மேலே ஒரு வளைவில் யானை முதுகு போல ஒரு பாறை நின்றது. ஆனிக் கடைசியில் ஏறிப் பார்த்தேன். சாந்து கீறியிருந்தது. மயிரிழை அளவுதான். மேஸ்திரி ஆகி நாலே மாதம். "அந்தப் பாறை கெட்டி" என்று ஓவர்சியரிடம் அடித்துச் சொன்னவன் நான். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ரோட்டில் வண்டிகள் பெருகிய நேரம். மழையில் உரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதன் மேலேயே புதுச் சாந்தைப் பூசிவிட்டேன்.

கூட வந்த கூலியாள் இசக்கி கேட்டான்: "அண்ணாச்சி, பழசச் சொரண்டிப் பாக்கலையா?"

"வேலையப் பாருலே" என்றேன்.

அன்று முதல் சோறு இறங்கவில்லை. தூறல் விழுந்தாலே அந்தப் பாறைதான் கண்ணில் நிற்கும். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட அதைத் தாண்டிப் போய்விடுவேன்.

ஆடியில் உங்கள் அம்மா ஞானம், மலைக்கு அந்தப் பக்கம் தென்மலையில் தன் தம்பி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எஸ்தரைத் தூக்கிக்கொண்டு போனாள். சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. அன்றைக்கு மழை விடவே இல்லை. நான் அந்த வளைவுக்கு இந்தப் பக்கம் ரோட்டில் நிற்கிறேன். மேலே பார்க்கப் போன இசக்கி சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தான்.

"அண்ணாச்சி! ஒம்ம சாந்து பொளந்து, வெடிப்புக்குள்ள என் கை போவுது!"

அவனைக் கீழே புளியரைப் பக்கம் அனுப்பி, ஒரு வண்டியும் ஏறாதபடி மறிக்கச் சொன்னேன். மோட்டார் வருவதோ பாறைக்கு அந்தப் பக்கம். அதை நிறுத்த வேண்டுமானால் நான் பாறையின் அடியில்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை.

"கர்த்தாவே, மோட்டார் தாண்டுகிறவரை அந்தப் பாறையைப் பிடித்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். கால் நகரவில்லை. மறுபடியும் ஜெபித்தேன். கால் நகரவில்லை. மேலேயிருந்து பொடிக்கல் உதிர்ந்துகொண்டிருந்தது. அப்போது என்னை அறியாமல் வாய் வேறொன்றைச் சொன்னது. "கர்த்தாவே, நான் பூசி மறைத்தேன்." உரக்கச் சொன்னேன். அழுகை வந்தது. கால் நகர்ந்தது.

ஓடினேன். செம்மண் சேறு தோளில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் ஹாரன் சத்தம். இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணியை விரித்து நடு ரோட்டில் நின்றேன். மோட்டார் என் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"யோவ் மேஸ்திரி, சாகுததுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் மாடசாமி கத்தினார்.

"பாறை வருது அண்ணாச்சி."

"எங்கன வருது? எனக்கு மழைதான் வருது."

உள்ளே ஞானத்தைத் தெரிந்த ஒருவர், "பொண்டாட்டி மேல அம்புட்டு ஆசை! பாதி வழியிலயே எறக்கப் பாக்காரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நேரம் போனது. ஒன்றும் விழவில்லை. "ரயிலுக்குப் போற ஆளுக இருக்காவ, வழிய விடும்வே" என்று மாடசாமி இஞ்சினைக் கிளப்பினார். விழாமலே போய்விடுமோ என்று எனக்கே சந்தேகம். வழிவிட்டு, பாறையும் விழாவிட்டால், என் பொய் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

"அந்தப் பாறை கெட்டின்னு சொன்னவன் நாந்தான். சாந்து கீறிட்டு. அதுக்கு மேல நானே பூசி மறைச்சிட்டேன்" என்றேன்.

ஞானம் பிள்ளையோடு இறங்கிவந்தாள். "இதத்தான் மனசுல வச்சிக்கிட்டுச் சோறு திங்காம கெடந்தீளா?" என்றாள். பிறகு மோட்டாருக்கு முன்னால் ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "டிரைவர் அண்ணாச்சி, எங்க மேல ஏத்திட்டுப் போங்க."

மாடசாமி இஞ்சினை நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் மரம் முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் தரை அதிர்ந்தது. எஸ்தர் வீரிட்டாள். எல்லாம் அடங்கியபின் கீழேயிருந்து இசக்கியின் குரல் வந்தது: "அண்ணாச்சி! இருக்கீரா?"

"இருக்கோம்லே!" என்று எனக்கு முன்னால் மாடசாமி பதில் சொன்னார்.

பாறையைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் நான் கர்த்தரிடம் கேட்டேன். அவர் பாறையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஓவர்சியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரி வேலை போனது. அந்தப் பாறையை உடைத்துச் சுவர் கட்டிய கூலிகளில் நானும் ஒருவன். இப்போது இசக்கிதான் மேஸ்திரி. "பழசச் சொரண்டிப் பாரும் அண்ணாச்சி" என்று தினமும் எனக்குச் சொல்லுகிறான். அதற்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிள்ளைகளே, உங்கள் மனதில் வெடிப்பு கண்டால் அதன் மேல் பூசாதீர்கள். பயத்தோடேயே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். மழை பெய்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் கால் நகரும். அது எனக்குத் தெரியும்.