கிளமென்ட் அறுத்த ஓர் அங்குலம்

ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் கிளமென்ட் ஒரு கேள்வி கேட்பான்: "வீட்ல இந்தக் குமிழை யாருங்க திருப்புவாங்க?" வந்தவர்கள் விழிப்பார்கள். பக்கத்து லேத் பட்டறையில் இருக்கிற எனக்கு மட்டும் அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று தெரியும்.

அதற்கு முன்னால் அவன் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பாலக்கரையில் அவன் வேலைக்கு அப்படிப் பெயர். புது வால்யூம் கண்ட்ரோல் மதராசிலிருந்து நீளமான ஷாப்டோடுதான், அதாவது குமிழ் மாட்டுகிற தண்டோடுதான், வரும். பெட்டிக்குத் தகுந்தபடி அறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கண்ட்ரோலின் உடம்பையே வைஸ் இடுக்கியில் இறுக்கி நொறுக்கித் தொலைப்பார்கள். கிளமென்ட் வெட்டிப்போடப் போகிற நுனியை மட்டும் பிடிப்பான். தூள் உள்ளே போகாமல் உடம்பைத் துணியால் சுற்றுவான். ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்து, அரத்தால் ராவி, வாயால் ஊதிப் பார்ப்பான். அவன் மாட்டிய குமிழுக்கும் பெட்டிக்கும் நடுவே தபால் கார்டு நுழையாது. அந்தத் திமிரும் அவனுக்கு உண்டு.

1961 ஐப்பசியில், ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்னுத்தாய் அக்கா ஒரு ரேடியோவைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். கண்ட்ரோல் தேய்ந்து ஒரே கரகரப்பு. குமிழோ பெட்டியை விட்டு ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மடையன் இப்படி மாட்டினது?" என்றான் கிளமென்ட்.

"என் தம்பிதாங்க. துறையூர்ல கடை வச்சிருக்கான்."

கிளமென்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா மெதுவாக, "அது வந்து தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நான் பாத்துக்கறேங்க்கா. நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க" என்று வாயை அடைத்து அனுப்பிவிட்டான்.

கடையிலிருந்த புது கண்ட்ரோலைப் போட்டு, வழக்கம்போல் ஷாப்டை ஒட்ட அறுத்து, மூன்றாம் நாள் ரேடியோவை சைக்கிள் கேரியரில் கட்டி, அவனே கொண்டுபோனான். ஸ்ரீரங்கத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்ததால் கூடப் போனேன்.

அக்காவின் கணவர் பிச்சமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். முடக்குவாதம் வந்து, இரண்டு கை விரல்களும் விறைத்துப்போய் மடங்குவதில்லை. சோறு ஊட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, தலை வாருவது எல்லாம் அக்காதான்.

கிளமென்ட் ரேடியோவைப் போட்டான். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. பிச்சமுத்து முகம் மலர எழுந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் குமிழின் இரு பக்கமும் வைத்தார். வழுக்கியது. மறுபடியும் வைத்தார். கைகள் பெட்டியில் போய் இடித்தன. அவர் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நல்லா பாடுதுங்க தம்பி. ரொம்ப சந்தோசம்" என்றார்.

அக்கா போய்க் குமிழைத் திருப்பி, நோயாளியிடம் பேசுகிற குரலில், "இவ்வளவு போதுங்களா?" என்று கேட்டார். அவர் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

வாசலில் அக்கா சொன்னார்: "அந்த நீளம் அவருக்காக விட்டதுங்க தம்பி. ரெண்டு கைக்கு நடுவுல வச்சு, மத்தை உருட்டற மாதிரி உருட்டுவாரு. இந்த வீட்ல அவரா செய்யறது அது ஒண்ணுதான்."

காவேரிப் பாலத்தில் கிளமென்ட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"அக்கா சொல்ல வந்துச்சு அழகிரி. நான்தான் காது குடுக்கல" என்றான்.

மதராசிலிருந்து இன்னொரு கண்ட்ரோல் வரப் பதினைந்து நாளாகும். அவ்வளவு நாள் அவன் பொறுக்கத் தயாரில்லை. கடைக்கு வந்ததும் மண்டியிட்டு, வைஸுக்குக் கீழே குப்பையைக் கிளற ஆரம்பித்தான். "எங்கிட்ட அதே கனத்துல கம்பி இருக்குய்யா" என்றேன். காதில் வாங்கவில்லை. அறுத்துப்போட்ட அந்தத் துண்டுதான் வேண்டுமாம். கிடைத்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நான் லேத்தில் பித்தளையில் ஒரு சின்னக் குழாய் கடைந்து கொடுத்தேன். ஒரு பக்கம் மீதமிருக்கிற ஷாப்டைச் செருகி, மறுபக்கம் வெட்டிய துண்டைச் செருகி, இரண்டு திருகாணி போட்டு இறுக்கினால் பழைய நீளம் வந்துவிடும். பார்க்கக் கரும்புக் கணு மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கும். கிளமென்ட் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் போய் அதை மாட்டினான். அக்கா எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார். பிச்சமுத்து வந்து, குமிழை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டினார். பாட்டு எழுந்தது. இன்னும் உருட்டினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "காது கிழியுது, கொறைச்சுத் தொலைங்க. அக்கம்பக்கத்துல மனுசங்க இருக்க வேணாமா?"

பிச்சமுத்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். குறைக்கவில்லை.