நல்லா மிதி

நேசையன் பொய் சொல்ல மாட்டான் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஒரே ஒரு பொய் சொன்னேன். அதற்குப் பட்டதைத்தான் எழுதுகிறேன். அத்தனையும் நடந்தது.

நானும் தேவதானத்துப் பேச்சிமுத்துவும் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில், தொங்கவிட்ட பொதிச்சாக்குக்குள் இறங்கிப் பஞ்சு மிதித்தவர்கள். மிதிக்க மிதிக்கப் பஞ்சு இறுகும். எங்களுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். 1942இல் பட்டாளத்தில் சேர்ந்தோம். வடக்கே பனிமலையில் பாதை போடும் வேலை.

முதலில் விழுந்த பனி கொஞ்சம்தான். பிறகு பல நாள் தெளிந்த வானம், கொடுங்குளிர். கீழே மட்டும் தரையின் லேசான சூடு. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பனி, ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனி மாதிரி ஆகிவிட்டது. அதன்மேல் புதுப்பனி கனமாக மூடிக்கொண்டது. அடியில் இருந்தது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மிதித்தால் பாதை இறுகிவிடும் என்று நான்தான் நினைத்தேன். பாறைமேல் நின்றுகொண்டு சொன்னேன்.

"ஏலே பேச்சி, பஞ்சுதாம்ல இது. நல்லா மிதி."

மிதித்தான். தொம் என்று ஒரு சத்தம். அடியில் இருந்த சீனி நொறுங்கி உட்கார்ந்தது. மேலே இருந்த சரிவு மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மறு சித்திரையில் லீவு கிடைத்தது. அவன் மனைவி வெள்ளத்தாயைப் பார்க்கப் போனேன். அவன் பட்டாளத்துக்குப் போன பிறகு அதே கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்; அங்கேதான் போய்ப் பார்த்தேன். அதுவரை என்னைப் பார்த்தவள் இல்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனாள்.

மில் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

நறுக்... நறுக்...

பஞ்சு மிதித்தால் இப்படிச் சத்தம் வராது. இது பனி மிதிபடும் சத்தம்.

வெளியே வெயில் கொளுத்தியது. என் மூச்சு புகையாக வந்தது.

பாதி நிரம்பிய பொதி ஒன்று தொங்கியது. உள்ளே யாரும் இல்லை. பஞ்சு மட்டும் இறங்கியது...

இறங்கியது...

தொம்.

ஓடினேன். வாசலில் வெள்ளத்தாய் செம்போடு நின்றாள்.

"அவிய நெதமும் உச்சிக்கு மிதிக்காவ," என்றாள். "கூடவே ஒரு குரல் கேக்கும், நல்லா மிதின்னு."

செம்பை நீட்டினாள்.

"யாரு குரல்னு இத்தன நாளாத் தெரியல அண்ணே. இன்னைக்கு நீங்க வாயத் தொறந்தப்பதான் தெரிஞ்சுது."