ஜுலைகா வீட்டில் கரப்பான் இல்லை

பூந்தமல்லியில் ஜுலைகாவின் தெருவுக்குப் போய், அவள் வீட்டில் கரப்பான் பூச்சி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனுக்குத்தான் கண்ணில் கோளாறு என்றிருப்பார்கள். அப்படி ஒரு பெயர் எடுத்தவள் அவள். தரையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம் என்பார்களே, அந்த ரகம். புருஷன் அப்துல் ஜப்பார் மிதித்த இடத்தை அவர் எதிரிலேயே மறுபடியும் துடைப்பாள். பாவம் அந்த மனுஷன், சொந்த வீட்டில் நுனிக்காலில் நடந்தே பழகிவிட்டார்.

வியாழக்கிழமை அந்தியில் மக்ரிப் தொழுகை முடிந்ததும் சாம்பிராணி போடுவாள். ஏதோ பேருக்குப் போடுவது இல்லை. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு, அறை அறையாக, கட்டிலுக்கு அடியிலும் பரணுக்கு மேலேயும் சட்டியைக் காட்டுவாள். புகை வெளியே போனால் பரக்கத்தும் விருத்தியும் கூடவே போய்விடும் என்பது அவள் கணக்கு. கொசுவும் ஓடும், வீடும் மணக்கும், பார்க்கிறவர்களும் மெச்சுவார்கள். வேறென்ன வேண்டும்?

மாடியில் குடியிருப்பவள் எழிலரசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. புருஷன் துபாய்க்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினாள். மஞ்சளாக இருந்தது பூந்தி, பச்சையாக இருந்தது பட்டாணி. அவள் போனில் பேசும்போதெல்லாம் இரண்டும் நடுவில் புகுந்து கத்தும். "பூந்தி இன்னா சொல்றா?" என்று அவன் அங்கிருந்து கேட்பான். அந்தப் பேச்சுக்காகவே அவள் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள்.

வேப்பம்பட்டில் தங்கைக்கு வளைகாப்பு. போகிறதுக்கு முன்னால் எழிலரசி கூண்டோடு இறங்கி வந்தாள்.

"தினையும் தண்ணியும் வெச்சா போதும் பாயம்மா. கரப்பான் ஸ்ப்ரே மட்டும் அடிச்சுடாதீங்க, அதுங்களுக்கு ஆவாது."

ஜுலைகாவுக்குச் சுருக்கென்றது. "என் ஊட்ல இன்னாத்துக்கும்மா ஸ்ப்ரே? கரப்பானே கெடையாதே!"

இல்லாமல் என்ன? தெருவில் சாக்கடையைத் தோண்டிப் போட்ட நாளிலிருந்து சிங்க்குக்குக் கீழே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. ஸ்ப்ரே டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் அதை எடுப்பாள். பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை.

குருவிகள் தின்பதைவிட இறைப்பதுதான் அதிகம். கூண்டைச் சுற்றித் தினை சிதற, கரப்பான்களுக்குக் கல்யாண விருந்தாகிவிட்டது. மறுநாள் வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு நாத்தனார் ரூஹி வந்தாள். நூம்பலில் புதுவீடு கட்டிக் குடியேறி, அங்கே பதித்த டைல்ஸைப் பற்றியே பேசுகிறவள். பாய் விரித்துப் பிரியாணித் தட்டை வைத்த நேரம் பார்த்து, பட்டப்பகலில், நல்ல கொழுத்த கரப்பான் ஒன்று தட்டோரமாக ஓடியது. ரூஹி தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை.

"உனுக்கும் வயசாவுதுல்ல ஜுலைகா. முன்ன மாதிரி முடியுமா?" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜுலைகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரூஹி ஆட்டோ ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், நேரே அரிசி டிரம்மிடம் போய் டப்பாவைக் கையில் எடுத்தாள். எடுத்தவளுக்கு எழிலரசி சொன்னது ஞாபகம் வந்தது. நம்பி ஒப்படைத்த உயிர், அமானிதம் ஆயிற்றே. டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சாம்பிராணி என்ன மருந்தா? தர்காவுக்கே போடுகிறோம், பிறந்த பிள்ளைக்கே காட்டுகிறோம். அன்றைக்கு மக்ரிபுக்குப் பிறகு வழக்கத்தைவிட இரண்டு பங்கு போட்டாள். போதாததற்கு சிங்க்குக்குக் கீழே கொசுவத்தியையும் கொளுத்தி வைத்தாள். குருவிகளுக்குப் புகை படக்கூடாது என்று கட்டில் விரிப்பை எடுத்துக் கூண்டை நாலு பக்கமும் மூடினாள். மூடியது புகையை வெளியே நிறுத்தவில்லை. அடியில் நுழைந்ததை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு கரப்பான்கூட மிஞ்சாது என்ற திருப்தியோடு வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டு நாகம்மாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

ராத்தொழுகைக்கு இஷா பாங்கு சொன்ன பிறகு உள்ளே போய் விரிப்பை எடுத்தாள். பூந்தி கூண்டின் அடியில் கிடந்தது. பட்டாணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "யா அல்லா!" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். காற்றுப் பட்டுப் பட்டு அது மெல்ல வாயை மூடியது. பூந்தி கடைசிவரை எழவில்லை.

ஒரு கரப்பானாவது செத்ததா என்றால், அதுவும் இல்லை. சிங்க்குக்குக் கீழே குடித்தனம் சுகமாக இருந்தது.

எழிலரசி வந்து கேட்டபோது ஜுலைகாவின் வாய் தானாகப் பேசியது. "வெயில் தாங்கலம்மா. நேத்து ஒரேயடியா புழுக்கம்."

எழிலரசி பூந்தியைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டாள். "உங்க மேல இன்னா தப்பு பாயம்மா? நான் போயிருக்கக் கூடாது," என்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்தும் ஜுலைகா உண்மையைச் சொல்லவில்லை. ஆறுதல் சொன்னாள்! முதுகைத் தடவிவேறு கொடுத்தாள்! அன்று இரவு தொழுகைப் பாயில் உட்கார்ந்தவளுக்குக் கையேந்த வெட்கமாக இருந்தது. யாரிடம் என்னவென்று கேட்பது?

அடுத்த வியாழக்கிழமை மாமனாரின் நினைவு நாள், வீட்டில் பாத்திஹா ஓதினார்கள். ரூஹியும் வந்திருந்தாள். ஜுலைகா கங்கின் மேல் சாம்பிராணியைத் தூவி, முதல் புகை எழுந்த நேரம், எழிலரசி பட்டாணியின் கூண்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"பாயம்மா, பூந்தி போனதிலேர்ந்து இது செரியா துன்னல. மூச்சு வேற இழுத்துகினே கீது. கண்ணு பட்டுக்கீதுன்னு நெனைக்கிறேன். உங்க கையால கொஞ்சம் பொகை காட்டுங்க."

ஜுலைகா சட்டியைப் பின்னால் இழுத்தாள். "வேணாம்மா. எட்டப் போ."

"இன்னா பாயம்மா, எங்களுக்குல்லாம் காட்டக்கூடாதா?" எழிலரசியின் முகம் வாடிவிட்டது.

"அட, காட்டேன் ஜுலைகா. வாயில்லா ஜீவன்தானே?" என்றாள் உள்ளேயிருந்து ரூஹி. எழிலரசி அதைக் கேட்டுக் கூண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

ஜுலைகா சட்டியோடு கொல்லைக்கு ஓடி, ஒரு குடம் தண்ணீரைக் கங்கின் மேல் அப்படியே கவிழ்த்தாள். அணைந்த சட்டியோடு திரும்பி வந்தாள்.

"இந்தப் பொகைதான் பூந்திய கொன்னுச்சு. வெயில் இல்ல, கண்ணும் இல்ல. என் ஊட்ல கரப்பான் கீது, எழிலு. ரொம்ப நாளா கீது. ரூஹி மச்சி தட்டோரமா ஓடுச்சு. எனுக்கு மானம் போச்சு. கதவ சாத்திட்டுப் பொகை போட்டேன், கொசுவத்தியும் வெச்சேன். நான்தாம்மா கொன்னேன்."

ரூஹி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு வாரமா என்னையே திட்டிகினு கீறேன்," என்றாள் எழிலரசி. "தங்கச்சி வளைகாப்புக்குப் போனதே பாவம்னு நெனச்சுகினு கீறேன். நீங்க முதுகத் தடவுனீங்களே!"

இருவரும் ஆட்டோ பிடித்துப் பறவை டாக்டரிடம் போனார்கள். வழியெல்லாம் எழிலரசி வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் பட்டாணியின் மூச்சைக் கவனித்துவிட்டு, "யார் வீட்ல புகை போட்டாங்க?" என்று கேட்டார். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க ஊட்ல சார்," என்றாள் ஜுலைகா.

டாக்டர் கோபப்படாமல் சொன்னார். சாம்பிராணியோ, கொசுவத்தியோ, ஸ்ப்ரேயோ, சுவரில் செருகும் கொசு மெஷினோ, குருவி இருக்கும் வீட்டுக்குள் எதுவும் கூடாது. அதன் நெஞ்சு நம் நெஞ்சு மாதிரி இல்லை, கொஞ்சம் புகையே அதற்கு அதிகம். சிந்துகிற தினையை அன்றன்றைக்கே கூட்டி எடுக்க வேண்டும். சாக்கடை வாய்க்கு வலை, ஜன்னலுக்குக் கொசுவலை. கரப்பானுக்கு ஜெல் மருந்தை, குருவியின் மூக்கு எட்டாத கதவு இடுக்கிலும் அலமாரிக் கீலிலும் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும். மெதுவாகத்தான் குறையும், பொறுமை வேண்டும் என்றார்.

பட்டாணிக்குச் சொட்டு மருந்து கொடுத்ததில் மூச்சு சீரானது. எழிலரசிக்கு மனசு சீராகவில்லை. படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். ஜுலைகா டாக்டர் சொன்னபடியே ஜெல் வைத்தாள், வலை அடித்தாள். சாம்பிராணியைத் தெருவாசலோடு நிறுத்திக்கொண்டாள். "இன்னாடி, ஊட்டுக்குள்ள காட்டலையா?" என்று அப்துல் ஜப்பார் கேட்டதற்கு, "காட்டுனது போதும்," என்றாள். அவருக்கும் விஷயம் தெரியும். நுனிக்காலிலேயே உள்ளே போனார்.

தங்கைக்குப் பிரசவம் என்று ஒரு காலையில் எழிலரசி பையும் கூண்டுமாக இறங்கினாள். வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த ஜுலைகா எழுந்து ஒதுங்கி நின்றாள். கூண்டு யார் வீட்டுக்குப் போகிறதோ, கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை. எழிலரசி கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"பாயம்மா. உங்க ஊட்ல கரப்பான் போயிடுச்சா?"

எதிர்வீட்டில் நாகம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே கேட்கிற இடம். பழைய பதில் ஜுலைகாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இல்லம்மா. கொறஞ்சிருக்கு, ஆனா கீது. சிங்க்குக்குக் கீழ நேத்துக்கூடப் பாத்தேன்."

நாகம்மாவின் துடைப்பம் நின்றது. எழிலரசி ஜுலைகாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூண்டை நீட்டினாள்.

"அப்ப வெச்சுக்கோங்க. ஒண்ணுகூட இல்லன்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

ஜுலைகா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கூண்டை வாங்கினாள். நாகம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று, ஜுலைகா கதவைச் சாத்தாமலே உள்ளே போனாள்.