வாறன் என்றவன்

மடுமாதா அறிய, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் சொல்லும் வயதையும் நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

போன தை மாதம். நல்ல மத்தியான வெயில். முல்லைத்தீவில், எங்கள் ஆறு களப்பில் விழும் இடத்தில் வள்ளத்தோடு நின்றேன். என் மனைவி கலிஸ்ராவின் தம்பி வின்சன் தூண்டிலும் கையுமாக வந்தான். கனடாக்காரன். கலிஸ்ராவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சகோதரம்.

“சொல்லாமல் வந்திட்டன், அத்தான். மீனோட போய் அக்காவைத் திடுக்கிட வைப்பம். துடுப்பைத் தாங்கோ.”

“நீ வலிச்சால் ஆறு மற்றப் பக்கம் ஓடும். தூண்டிலைப் பிடி.”

கண்டல் மரங்களுக்குள் போனோம். முதலில் ஒரு திரளி மீன் பட்டது. தூக்கும்போதே அழுகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. ஒரு கொக்குக்கூடக் கத்தவில்லை...

கரையோரச் சேற்றில், இடுப்பளவு புதைந்து ஒருவன் நின்றான். அவன் கன்னத்தில் நண்டு ஊர்ந்தது. தட்டிவிடவில்லை.

“அப்ப நான் வாறன்,” என்றான்.

எங்கள் பக்கத்தில் அதற்குப் புறப்படுகிறேன் என்றுதான் அர்த்தம். ‘போறன்’ என்று யாரும் சொல்வதில்லை. நானும் மரியாதைக்குச் சொன்னேன்.

“ஓம், வாங்கோ.”

வந்தான்.

சளக்...

வள்ளத்தின் விளிம்பில் ஒரு கை. நகங்கள் இல்லை. அது வின்சனின் மயிரைப் பற்றி, முகத்தை விளிம்பில் மோதியது. மறுபடியும் மோதியது. ஒரு பல் தெறித்து என் மடியில் விழுந்தது.

துடுப்பால் அடித்தேன். மணிக்கட்டு முறிந்தது. மடக்... பிடி விடவில்லை.

“அத்தான், என்னை விட்டிடாதேங்கோ!”

மீன் வெட்டும் கத்தியால் அறுத்தேன். இரத்தம் வரவில்லை. சேறு வந்தது...

கை துண்டானது. விரல்கள் மட்டும் மயிருக்குள். இன்னும் இறுக்கின.

“போங்கோ!” என்று கத்தினேன். அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை. “வராதேங்கோ! போங்கோ!”

விரல்கள் விரிந்தன.

தண்ணீருக்குள் நழுவின.

வின்சனைக் கரையில் சாய்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். கலிஸ்ரா குசினியில், அடுப்போரம் போனில் கதைத்துக்கொண்டு நின்றாள்.

“உன்ர தம்பியைக் காப்பாத்திப்போட்டன்!”

“என்ன விசர்க் கதை? இந்தாங்கோ, நீங்களே கேளுங்கோ.”

போனை என் காதில் வைத்தாள்.

வின்சன் ரொறன்ரோவில் இரவு வேலையில் நின்றான்.